தீப்பற்றும் சொல்லும் மயக்கும் முன்னொட்டும்

எளிதில் தீப்பற்றும் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் 'இன்ஃபிளேமபிள்', 'ஃபிளேமபிள்' என இரு சொற்கள் உள. தோற்றத்தில் எதிர்ச்சொற்கள், பொருளிலோ இரண்டும் ஒன்றே. இம்மயக்கம் எங்ஙனம் பிறந்தது?

'இன்' என்னும் முன்னொட்டு ஆங்கிலத்தில் பெரும்பாலும் எதிர்மறை உணர்த்தும். 'விசிபிள்' கண்ணுக்குப் புலனாவது, 'இன்விசிபிள்' புலனாகாதது. ஆனால், 'இன்ஃபிளேமபிள்' என்பதோ 'இன்ஃபிளாமாரே' என்னும் இலத்தீன் வினைவழி வந்தது. தீமூட்டுதல் என்பது அதன் பொருள். ஆண்டுள்ள 'இன்' மறுப்பன்று, வினைக்கு வலிவூட்டுவது.

இலக்கணம் கற்றோர்க்கு இவ்விளக்கம் போதும். எண்ணெய்ப் பீப்பாய் உருட்டும் தொழிலாளிக்குப் போதுமா? 'தீப்பற்றாதது' என அவர் பொருள் கொண்டால் உயிருக்கே கேடாகும். இதனாலன்றோ 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்பதையே வழங்குமாறு வற்புறுத்தியது! பிரித்தானியத் தர நிறுவனமும் 1959இல் அச்சொல்லையே ஆதரித்தது. சொல் மரபு காத்தல் நன்று; உயிர் காத்தல் அதனினும் நன்று.

தீக்காப்புறுதி நிறுவனமொன்றில் பணியாற்றிய மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப், 1941இல் வெளிவந்த கட்டுரையில் 'காலி' என்னும் சொல்லை ஆராய்ந்தார். காலிப் பெட்ரோல் பீப்பாயருகே மக்கள் அச்சமின்றிப் புகைபிடிப்பர். உள்ளே எஞ்சிய ஆவியோ வெடிக்கவல்லது என்றார். சொல்லே நடத்தையை வழிநடத்துகிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் கலைச்சொற்கள் குறையற்றனவா? 'எரியக்கூடிய' என்று எழுதுவோர் உளர். விறகும் எரியக்கூடியதே. பெட்ரோலோ சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் பொருந்துமா? 'எரிக்கத்தக்க' என்பது இன்னும் பிழைபட்டது. 'உண்ணத்தக்கது' என்றால் உண்ணலாம் என்பதன்றோ பொருள்? அவ்வாறே 'எரிக்கத்தக்கது' என்றால் எரிக்கலாம் என்றும் ஆகும். எச்சரிக்கை அனுமதியாகத் திரிந்துவிடும்.

'எளிதில் தீப்பற்றும்' என்பதில் இம்மயக்கம் சிறிதுமில்லை. நம் நாட்டு எண்ணெய் லாரிகளில் காணும் 'மூடா தெர்பாக்கார்' என்னும் மலாய்த் தொடரும் 'எளிதில்' என்னும் கருத்தை முன்வைத்தே அமைந்துள்ளது.

ஆசிரிய அன்பர்கள் 'இன்' முன்னொட்டைக் கற்பிக்கும் நாளிலேயே இவ்விலக்கையும் கற்பித்தல் வேண்டும். தேர்வில் பிழைத்தால் ஒரு மதிப்பெண் போகும். தொழிற்சாலையில் பிழைத்தால் மீள்வதற்கு வழியில்லை.