பால் சேம்பர்ஸ் பெயர் இருந்தால் வாங்கிவிடு

ஜாஸ் இசைத்தட்டு வாங்க நான் வைத்திருப்பது ஒரே விதி. உறையைத் திருப்பு. பின்பக்கம் பொடி எழுத்தில் வாசித்தவர்களின் பட்டியல் இருக்கும். டபுள் பேஸ் என்ற தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியத்துக்கு நேரே பால் சேம்பர்ஸ் என்று போட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கிவிடு. இந்த விதி இதுவரை என்னைக் கைவிட்டதே இல்லை. கச்சேரிக்குக் கிளம்புமுன் மிருதங்கம் யார் என்று விசாரிக்கிற ரசிகர்கள் நம்மிடம் உண்டல்லவா? ஜாஸில் நான் அந்தக் கட்சி.

சேம்பர்ஸ் 1935-இல் பிட்ஸ்பர்கில் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்தவர். 1955-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோது வயது 20. 1969 ஜனவரியில் காசநோயால் இறந்தபோது 33. அந்தக் கொஞ்ச காலத்துக்குள் மனிதர் எத்தனை பேருக்கு வாசித்திருக்கிறார், எப்படியெல்லாம் வாசித்திருக்கிறார்! நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

எல்லோரும் தொடங்கும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் வந்த மைல்ஸின் தட்டு. முதலில் ‘ஸோ வாட்’. பியானோவில் பில் எவன்ஸும் பேஸில் சேம்பர்ஸும் தாளத்துக்குள் வராமல் மெதுவாக ஆரம்பிக்கிறார்கள். பிறகு காலப்பிரமாணம் நிலைக்கிறது. இப்போது பாட்டின் மெட்டை வாசிப்பது யார்? டிரம்பெட் இல்லை, சாக்ஸபோன் இல்லை, பேஸ்! அவர் ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்கிறார்கள். மைல்ஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கும் அந்த நொடியில் டிரம்ஸில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி அடிக்கிறார். அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் கீழே சேம்பர்ஸ் நடக்கத் தொடங்கிவிடுகிறார்: நாலு எண்ணிக்கைக்கு நாலு சுரம், ஒன்றுகூடப் பிசகாமல், ஒன்றுகூட அவசரப்படாமல். அந்த இடத்தை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தட்டைத் திருப்பினால் ‘ஆல் ப்ளூஸ்’. பதினொன்றரை நிமிடம். ஆறு எண்ணிக்கைத் தாளத்தில், ஏறி இறங்கும் ஒரு சின்னச் சுழற்சியை சேம்பர்ஸ் பிடித்துக்கொள்கிறார். மற்றவர்கள் அதன்மேல் நின்றுகொண்டு என்னவெல்லாமோ செய்கிறார்கள். இது பதிவான நாள் 1959 ஏப்ரல் 22. அன்று அவருக்கு 24-வது பிறந்தநாள்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பக்கத்தின்மேல் எனக்குத் தனிப் பாசமே வந்துவிட்டது.

நான் கேட்கும் முறை இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டு, அதில் ஒரே ஒரு பக்கம், ஏறக்குறைய 20 நிமிடம். முதல் முறை எல்லோரையும் சேர்த்துக் கேட்பேன். ஊசியைத் திரும்ப ஓரத்தில் வைத்து, இரண்டாவது முறை பேஸை மட்டும் பின்தொடர்வேன். அப்போதுதான் அந்தத் தட்டு முழுசாகத் திறக்கும். டிரம்பெட் ஏன் அந்த இடத்தில் மூச்சு விட்டது, பியானோ ஏன் சட்டென்று ஒதுங்கியது, எல்லாம் கீழிருந்து புரியும். இதற்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும், அல்லது நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கு அந்தத் தாழ்ந்த சுரங்கள் எட்டவே எட்டாது. அதில் கேட்டவர்கள் இன்னும் சேம்பர்ஸைக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

அவரைப் பிடித்துக்கொண்டே போனால் சேகரிப்பு தானாக வளரும். மைல்ஸ் குழுவில் பக்கத்தில் நின்ற சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ (1957). அங்கே பியானோ கென்னி ட்ரூ, டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ், டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு 19 வயது. ஃபில்லி ஜோவும் சேம்பர்ஸும் மறுபடி சேரும் சன்னி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ (1958). டிரம்ஸ் வாசித்த ஆர்ட் பிளேக்கியோடு சேம்பர்ஸ் இணைந்த ஹாங்க் மோப்லியின் ‘ஸோல் ஸ்டேஷன்’ (1960). இவ்வளவு சுகமாக நடக்கிற தட்டு வேறு இருக்கிறதா, எனக்குத் தெரிந்து இல்லை. ஆலிவர் நெல்சனின் ‘த ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’ (1961). சேம்பர்ஸ் பெயரிலேயே வந்த ‘பேஸ் ஆன் டாப்’ (1957). இதன் முதல் பாட்டான ‘யெஸ்டர்டேஸ்’ஸில் விரலை விட்டுவிட்டு வில்லைக் கையில் எடுக்கிறார். அந்தக் கனத்த கம்பிமேல் வில் உரசும் கரகரப்பு அப்படியே தட்டில் ஏறியிருக்கிறது. என்ன ஒரு நெஞ்சுரம்!

‘ப்ளூ டிரெய்ன்’ பதிவான இடத்தையும் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் ஒரு வீட்டு வரவேற்பறை. ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதனை செய்பவர். வேலை முடிந்தால் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு. இந்தத் தட்டை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் பதிவுக்கு முன் ஒத்திகைக்கும் காசு கொடுப்பார். அந்த ஒத்திகையின் பலன் ஒவ்வொரு பாட்டிலும் தெரியும். அந்தக் காலத்து ப்ளூ நோட் தட்டில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றுப் பகுதியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வான் கெல்டரின் மூன்றெழுத்து முத்திரை ஆர்.வி.ஜி. என்று இருக்கும். பக்கத்தில் காது மாதிரி ஒரு குறி இருந்தால் அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டு. சேகரிப்பவர்கள் தேடி அலைவது இந்த இரண்டையும்தான். விலை எட்டாதவர்கள் வருத்தப்பட வேண்டியதே இல்லை. 2019 முதல் ப்ளூ நோட்டின் ‘டோன் பொயட்’ வரிசையில் ஜோ ஹார்லியும் கெவின் கிரேயும் மூல நாடாவிலிருந்தே மறுபதிப்புகளைச் செதுக்கித் தருகிறார்கள். பேஸ் சும்மா கும்மென்று எழுந்து வருகிறது!

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கோல்ட்ரேன் சேம்பர்ஸை அழைத்துக்கொண்டு அட்லாண்டிக் நிறுவனத்துக்காக இந்தத் தட்டைப் பதிவு செய்யப் போய்விட்டார். கடைசிப் பாட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘மிஸ்டர் பி.சி.’ பி.சி. என்றால் பால் சேம்பர்ஸ்தான். நெருப்பு வேகத்தில் சாக்ஸபோன் சீறிக்கொண்டு போகும். அதைப் போகவிடுங்கள். நீங்கள் கீழே இருப்பவரைக் கேளுங்கள். ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த தட்டு வாங்கும்போது நீங்களும் உறையைத் திருப்பித்தான் பார்ப்பீர்கள்!