பொறுத்துக்கொள்ளப் பழக்கும் மருந்து

"மருந்தும் வெறும் மாத்திரையும் ஒன்றுதான் என்று அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள். பிறகு எதற்குப் பிள்ளைக்கு மருந்து? மைண்ட்ஃபுல்னஸ் பழகட்டும்." ஒற்றைத் தலைவலியால் அவதிப்படும் பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்போது தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை இது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்டுவிட்டுப் போகலாம். படித்த ஆலோசகர்களும் இதையே வாதமாக வைக்கிறார்கள் என்பதால், அவர்கள் காட்டும் சான்று அவர்களுக்கே எதிராகப் பேசுகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சான்று, 'சாம்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2017இல் வந்தது. 8 முதல் 17 வயது வரையுள்ள 361 பேரில் ஒரு பிரிவுக்கு அமிட்ரிப்டிலின், ஒரு பிரிவுக்கு டோபிரமேட், மற்றொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரை. தலைவலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். பக்கவிளைவுகள் மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். தொடர்ந்து நடத்திப் பயனில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இங்கிருந்து மைண்ட்ஃபுல்னஸ் என்ற கவனத் தியானத்துக்கு எந்தப் பாலத்தின் வழியாகப் போகிறார்கள்? மருந்தில்லாத மாத்திரையிலேயே நூற்றுக்கு அறுபத்தொரு பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். காலம் போகப்போகத் தானாகத் தணியும் நோய், டைரி எழுதும் ஒழுங்கு, மருத்துவர் கவனிக்கிறார் என்ற தெம்பு, நன்றாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அப்படியென்றால், ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாமல் எந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தேறத்தான் செய்வார்கள். மிலான் நகரத்து கார்லோ பெஸ்டா நரம்பியல் நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு இந்த ரகம். பதின்வயதினருக்கு மைண்ட்ஃபுல்னஸ் கற்பித்தார்கள், தலைவலி நாட்கள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவு கிடையாது. மருந்தை வீழ்த்த சாம்ப் ஆய்வைக் கையில் எடுப்பவர், அதே ஆய்வு தம் தியானத்தின் மீதும் விழுவதைப் பார்ப்பதில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியால் உடல் எடை கூடாது, வகுப்பில் தூக்கம் வராது, விரல் நுனி மரத்துப்போகாது. வலி வருமோ என்ற பயமே பாதி நோயாகிவிட்ட பிள்ளைக்கு அந்தப் பயத்தைத் தள்ளி நின்று பார்க்கத் தெரிவது சின்ன விஷயமில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பயிற்சிக்கு உண்மையிலேயே பலன் உண்டு. 2013இல் வந்த ஆய்வில், நாள்பட்ட ஒற்றைத் தலைவலியுள்ள 135 பிள்ளைகளில் அமிட்ரிப்டிலினோடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மாதத்தில் 11.5 தலைவலி நாட்கள் குறைந்தன. மருந்தோடு தலைவலியைப் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு 6.8. ஆனால் அது வேறு சிகிச்சை, அதுவும் மருந்தோடு சேர்த்துத் தரப்பட்டது. அதன் பெருமையை மைண்ட்ஃபுல்னஸ் கணக்கில் வரவு வைப்பது நேர்மையல்ல.

என் நெடுநாள் எதிர்ப்பு வேறொன்றைப் பற்றியது. மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில் தலைவலி குறையாதபோது, அளவுகோலை மாற்றிவிடுகிறார்கள். 2015இல் வந்த ஒரு சிறு ஆய்வு, அடிக்கடி தலைவலி வரும் பதின்வயதுப் பெண்கள் இருபது பேருக்கு இதைக் கற்பித்தது. தலைவலி வரும் தடவைகளும் குறையவில்லை, கடுமையும் குறையவில்லை. மனச்சோர்வு குறைந்தது, வலியை ஏற்றுக்கொள்ளும் மனம் கூடியது என்று முடித்தார்கள். 2021இல் அமெரிக்காவில் பெரியவர்கள் 89 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே கதை. எட்டு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு மாதத்தில் 1.6 நாள் குறைந்தது. தலைவலியைப் பற்றிப் பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு 2.0 நாள். அங்கும் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, முடக்கம் குறைந்தது என்பதுதான் ஆறுதல் பரிசு. நாற்பது வயதுக்காரருக்கு அந்தப் பரிசு பெரிது. தன் வேலை நேரத்தையும் தூக்கத்தையும் ஓரளவாவது தானே தீர்மானிப்பவர், மாற்ற முடிந்ததை மாற்றிவிட்டு மிச்சத்தை ஏற்கப் பழகுகிறார். பதினைந்து வயதுப் பிள்ளை எதைத் தீர்மானிக்கிறது?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் எழுந்து டியூஷன். அங்கிருந்து ஓடிவந்து குளித்து, தோசையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூல். சாயந்தரம் என்ட்ரன்ஸ் கோச்சிங். வழியெல்லாம் சாலைக் கடைத்தெரு: வற்றல் மிளகாய் மூட்டை இறக்கும் லாரி, கருவாடு, ஊதுபத்தி, விடாத ஹாரன். நவராத்திரிக்கு வேளிமலை முருகன் ஆரியசாலை தேவி கோவிலில் வந்து தங்கும் நாட்களில் கூட்டமும் மேளமும் அதற்கு மேல். ஒளி, ஓசை, வாசனை இவற்றைத் தாங்க முடியாமல் போவது ஒற்றைத் தலைவலியின் கூடவே பிறந்த குணம். தூக்கம் குறைவது, வேளை தவறுவது, தண்ணீர் குடிக்காதது இவை நோயைத் தூண்டும் என்று எந்த நரம்பியல் மருத்துவரும் முதல் சந்திப்பிலேயே சொல்வார். கடைத்தெருவை யாரும் மாற்ற முடியாது, சரி. டியூஷன் நேரத்தை மாற்றலாம். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லலாம். வீட்டில் நடப்பதோ வேறு. எல்லாம் அப்படியே இருக்கும். ராத்திரி பத்தரை மணிக்கு, மிச்சமிருக்கும் தூக்கத்திலும் பத்து நிமிஷத்தை எடுத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். மறுநாள் தலைவலி வந்தால், "மூச்சப் பாத்தியா, இல்ல ஃபோனப் பாத்தியா?"

மாத்திரை பலிக்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றுகிறோம். தியானம் பலிக்கவில்லை என்றால் பிள்ளை ஒழுங்காகச் செய்யவில்லை என்கிறோம். தோற்றுப்போனால் பழியை நோயாளியின் தலையிலேயே கட்டும் சிகிச்சையை, ஏற்கெனவே "படிக்க மடிச்சு நடிக்கிறியா" என்று கேட்கப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

பிரிட்டனில் 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு 2022இல் முடிவை வெளியிட்டது. தலைவலியைப் பற்றியதல்ல, பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றியது. 85 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வழக்கமான வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு எந்த மேன்மையும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆசிரியர்களுக்குத்தான் சில காலம் களைப்பு குறைந்தது. நல்லது, அவர்களும் பாவம்தான். இருந்தாலும் அரசாங்கங்களுக்கு இந்த மாதிரி வகுப்புகள் மீது தீராத ஆசை. டெல்லி அரசு 2018இல் மகிழ்ச்சி வகுப்பைத் தொடங்கி மைண்ட்ஃபுல்னஸைச் சேர்த்தது. கேரளத்தில் 2025இல் போதைக்கு எதிராகப் பள்ளிகளில் ஜூம்பா வந்தது. அதிலாவது கை காலை அசைக்கிறார்கள். கால அட்டவணையையும் பாடச் சுமையையும் தொடாமல் பிள்ளையின் மனத்தை மட்டும் சீர்திருத்த வருபவரை வேண்டாமென்று சொல்லும் நிர்வாகம் எங்கே இருக்கிறது?

இதில் அடிபட்டுப்போவது எளிய மருந்து. வலி தொடங்கியதும், உடல் எடைக்கேற்ற அளவில் போடும் இபுபுரூஃபன் பிள்ளைகளுக்கு வேலை செய்யும். அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும் அதைச் சொல்கிறது. தாமதித்தால் பலன் குறையும். மாதத்தில் பதினைந்து நாளுக்கு எட்டிவிட்டால் மாத்திரையே தலைவலி தரும், அதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் பையில் மாத்திரை வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. கணக்கு பீரியட் முடியட்டும் என்பார்கள். வாந்தி எடுத்த பிறகு வீட்டுக்கு ஃபோன் போகும். வலி தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் கண்ணை மூடி வலியை விலகி நின்று பார்ப்பது, மாத்திரை கிடைக்காத பிள்ளைக்குச் சொல்லும் சமாதானம். தடுப்பு மருந்து எதுவுமே இல்லை என்ற வாதமும் பழையதாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஃபிரமனெசுமாப் ஊசியை 6 முதல் 17 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத பிள்ளைகளுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்திருக்கிறது. கடைத்தெரு வருமானத்துக்கு எட்டும் மருந்தல்ல, தெரியும்.

எட்டுகிற ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ். இன்னொரு பிரிவுக்கு விடிகாலை டியூஷன் கிடையாது, காலைச் சாப்பாடு கட்டாயம், எட்டு மணி நேரத் தூக்கம், வகுப்பில் மாத்திரை போட அனுமதிக் கடிதம். இரு பிரிவும் ஆறு மாதம் டைரி எழுதட்டும், தலைவலி வந்த நாட்களை மட்டும் எண்ணுவோம். கவனப் பயிற்சிதான் ஜெயித்தது என்றால், சாலைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவர நானே கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன்.