கல்லும் நிழலும்

தொல்பொருள் ஒன்றைக் காண்பது வேறு; அதனைக் கண்டமைக்குச் சான்றாகப் படமொன்றைக் கொண்டு மீள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். பிரித்தானியத் தீவுகளில் வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் நிறுத்திய பெருங்கற்களை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் சென்று காண்கின்றனர். அவர்களுள் கமராவின்றிச் செல்வோர் அரியர். ஆயின், அக்கற்களைப் படமெடுத்தோருள் அவற்றை உண்மையிற் கண்டவர் யாவர்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, 1867ஆம் ஆண்டுக்கும் 1953ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுந்த நான்கு முயற்சிகளை ஒப்புநோக்குதல் தகும்.

முதலாவது, பிரித்தானிய நில அளவைத் திணைக்களத்தின் தலைவராயிருந்த சேர் ஹென்றி ஜேம்ஸ் 1867இல் வெளியிட்ட நூலாகும். இங்கிலாந்தின் தென்பாகத்திலுள்ள ஸ்ரோன்ஹெஞ்ச், ஸ்கொத்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள கல்வட்டம் ஆகிய இரண்டின் அளவைப் படங்களும் நிழற்படங்களும் அதில் இடம்பெற்றன. அழகை நாடி எடுக்கப்பட்டவையல்ல அவை. எனினும் அவற்றின் பெறுமதி காலம் செல்லச் செல்லப் பெருகியே வந்துள்ளது. காரணம் யாதெனின், இன்று காணப்படும் ஸ்ரோன்ஹெஞ்ச் அன்றிருந்த நிலையில் இல்லை. சாய்ந்து நின்ற மிக உயர்ந்த தூண் 1901இல் நிமிர்த்தப்பட்டது. 1797இல் வீழ்ந்த இரு தூண்களும் அவற்றின் மேற்கல்லும் 1958இல் மீண்டும் நிறுத்தப்பட்டன. இப்பணிகளிற் கொங்கிறீற்றும் பயன்பட்டது. கி.மு. 2500 அளவில் நாட்டப்பட்ட நாள்தொட்டு எல்லாக் கற்களும் அசையாது நிற்கின்றன என எண்ணும் பயணிக்கு, அவ்வாறன்று என எடுத்துரைக்கும் சாட்சிகள் இப்பழைய படங்களே.

இரண்டாவது முயற்சி ஓவியர் போல் நாஷ் என்பவருடையது. ஸ்ரோன்ஹெஞ்சுக்கு வடக்கே, ஊரின் ஒரு பகுதியைத் தன்னுள் அடக்கிய பெரிய கல்வட்டம் ஏவ்பரியில் உள்ளது. அங்கு 1933இல் சென்ற நாஷ், தம் சிறிய கமராவினாற் கற்களைப் படமெடுத்தார். புல்லிடையே தனித்து நின்ற கற்கள் அவருக்கு உயிருள்ளன போலத் தோன்றின. பின்னர் அலெக்சாந்தர் கீலர் என்னும் தொல்லியலாளர் புதையுண்ட கற்களை அகழ்ந்தெடுத்து நிறுத்தியபோது, அவற்றின் ஆதி மாயம் அகன்றுவிட்டதென நாஷ் வருந்தினார். அவ்வருத்தம் கலைஞனுக்கு இயல்பானது. ஆனால் முற்றும் நியாயமானதன்று. அவர் கண்டு மயங்கிய தனிமை, கற்களை நாட்டியோர் கருதியதன்று. பிற்காலத்தார் பல கற்களை வீழ்த்திப் புதைத்தும் உடைத்தும் விட்டமையால் விளைந்தது. எனினும் நாஷ் ஓர் உண்மையை உணர்ந்திருந்தார். 1935இல் அவர் தீட்டிய ஓவியத்திற் கற்களே இல்லை; வயல்வெளியிடையே உருளைகளும் கட்டங்களும் அவற்றுக்கு ஈடாக நிற்கின்றன. கல்லின் தோற்றத்தைப் பெயர்த்தெழுதுவதால் அதன் வலிமையைப் பெற்றுவிட இயலாது என்பதே அதன் பொருள் எனலாம்.

மூன்றாவது, பில் பிராண்ட் எடுத்த, பனிமூடிய ஸ்ரோன்ஹெஞ்சின் புகழ்பெற்ற படம். 1947ஆம் ஆண்டின் கடுங்குளிரில், எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடு அல்லலுற்ற வேளையில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு 'பிக்சர் போஸ்ற்' இதழின் அட்டையில் அது வெளிவந்தது. வெண்பனிப் பரப்பின் மேல் கரிய கற்கள். அவற்றின் மேல் இருண்ட வானம். போரில் வென்றும் வறுமையில் வாடிய ஒரு தேசத்தின் மனநிலையை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. ஆயினும் கற்களைப் பற்றி இப்படம் கூறுவது யாது? கல்லின் மேற்பரப்பு, செதுக்கிய கையின் தடம், சுற்றியுள்ள அகழி யாவும் கருமையிலும் வெண்மையிலும் மறைந்தன. 1947ஆம் ஆண்டின் பிரித்தானியாவுக்கு இது சிறந்த ஆவணம், கற்களுக்கு அன்று.

நான்காவது முயற்சியிற் கலை நோக்கம் சிறிதும் இல்லை. 1953ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் திகதி, தொல்லியலாளர் றிச்சேட் அற்கின்சன் ஸ்ரோன்ஹெஞ்சின் தூணொன்றில் பொறிக்கப்பட்டிருந்த, 17ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் எழுத்துக்களைப் படமெடுக்க விரும்பினார். நேரொளியில் எழுத்துத் தெளிவுறாதாதலின், வெயில் சாய்ந்து கல்லின் மீது பக்கவாட்டிற் படியும் பிற்பகல் வரை அவர் காத்திருந்தார். கமராவை அமைத்து நோக்குகையில், அவ்வெழுத்துக்களின் கீழே குத்துவாள் ஒன்றின் உருவம் நிழல்கோடாகத் தெரிந்தது. கோடரி உருவங்களும் புலப்பட்டன. அவை வெண்கலக் காலத்து மாந்தர் செதுக்கியவை. நூற்றாண்டுகளாக அறிஞர், கவிஞர், ஓவியர் எனப் பல்லாயிரவர் அக்கல்லின் முன் நின்றிருந்தும், அவற்றை எவரும் குறித்து வைத்திலர். பின்னர் லேசர்க் கதிர் கொண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியானபோது, மேலும் 71 கோடரி உருவங்கள் அறியப்பட்டன.

அற்கின்சனின் வெற்றிக்குக் கமராவின் சிறப்பு காரணமன்று. ஓர் எழுத்தைச் செவ்வனே பதிவு செய்யவேண்டும் என்னும் பணிவும், ஒளிக்காகக் காத்திருந்த பொறுமையுமே காரணமாம். தனக்குத் தேவையான உணர்ச்சியைக் கல்லின் மேல் ஏற்றாது, கல் தன்னைக் காட்டும் வேளைக்காக அவர் நின்றார்.

இன்றைய பயணிகளுட் பலர், பிறர் விலகும் கணம் பார்த்து, ஆளரவமற்ற வெளியிற் கற்கள் மட்டும் நிற்பதாகப் படமெடுக்க விழைகின்றனர். அவர்களும் ஒருவகையிற் காத்திருப்போரே. ஆனால் காத்திருப்பது கல் வெளிப்படுவதற்காக அன்று, மனிதர் மறைவதற்காக. கற்களை நாட்டியோரும் மனிதர், வீழ்த்தியோரும் மனிதர், மீண்டும் நிமிர்த்தியோரும் மனிதரே. அவர்களை நீக்கிய படம் எத்துணை அழகுடையதாயினும், ஒரு பொய்யைத் தன்னகத்தே கொண்டது. பெருங்கல்லின் முன் கமராவைத் திறப்பதற்கு முன்னர், கண்ணைத் திறந்து ஒரு பிற்பகலாவது நிற்பவனுக்கே கல்லின் நிழலும் பேசும்.