நதிமூலம் தேடும் நாக்கு

அமெரிக்காவின் மலிவு விலை பர்பன் விஸ்கிகளைப் பற்றி எழுதுபவர்களிடம் சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பெரிய கடைத்தொடர் ஒன்று தன் சொந்தப் பெயரில் ஒரு பாட்டிலை அலமாரியில் வைத்ததும், உள்ளே இருப்பது எந்த வடிசாலையின் சரக்கு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. லேபிளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்க்கிறார்கள், பாட்டிலின் வடிவத்தை ஒப்பிடுகிறார்கள், ஆல்கஹால் அளவைக் கணக்குப் போடுகிறார்கள். விடை கிடைத்தவுடன் தீர்ப்பும் வந்துவிடுகிறது: பெரிய இடத்துச் சரக்கு, பாதி விலை, யோசிக்காமல் வாங்குங்கள். 2021இல் காஸ்ட்கோ தன் கிர்க்லண்ட் சிக்னேச்சர் பெயரில் மூன்று பர்பன்களைக் கொண்டுவந்தபோது இந்த வழக்கம் உச்சத்துக்குப் போனது. கென்டக்கி மாநிலம் பார்ட்ஸ்டவுனில் உள்ள பார்ட்டன் 1792 வடிசாலையின் பெயர் வெளிப்படையாகவே தெரிந்தது. அதற்குப் பிறகு பலர் தங்கள் நாக்கிடம் எதையும் கேட்கவில்லை.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலை ஏறினால் தரமும் ஏறும் என்று நம்பிக் கிடந்தவர்களை இந்த வழக்கம் அசைத்திருக்கிறது. மலிவு பர்பனுக்குச் சட்டமே ஒரு தளம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்பதையும் பலருக்கு எடுத்துச் சொன்னது. தானியத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய், நிறமோ மணமோ சேர்க்கத் தடை. 'ஸ்ட்ரெயிட்' என்று போட்டு வயது குறிப்பிடாமல் விட்டிருந்தால் குறைந்தது நான்கு ஆண்டுச் சரக்கு. இந்த விதிகள் கடைப்பெயர் பாட்டிலுக்கும் பொருந்தும். மூலத்தைக் கேட்பதும் தவறில்லை. அயோவா மாநிலத்துப் பழைய செய்முறை என்று கதை சொல்லி விற்ற டெம்பிள்டன் ரை விஸ்கி, இந்தியானாவில் எம்ஜிபி நிறுவனம் மொத்தமாக வடித்துக் கொடுத்த சரக்கு என்பது வெளியே வந்து, 2015இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கேள்வி கேட்டவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

லேபிள் உண்மை பேசுகிறதா என்று பார்க்க மூலம் உதவும். சரக்கு நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது. நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் மறுப்பு இதுதான். கடைப்பெயர் பர்பனைப் பாராட்டும் பத்து மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை பாராட்டுவது வடிசாலையின் பெயரைத்தான்.

ஒரே வடிசாலை என்றால் ஒரே சரக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பர்பன் உலகமே அதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது. ஹெவன் ஹில் வடிசாலையின் எவன் வில்லியம்ஸும் எலைஜா கிரெய்க்கும் ஒரே தானியக் கலவையில் பிறந்தவை. பஃபலோ ட்ரேஸில் மலிவான பெஞ்ச்மார்க்கும் ஆளுக்கொரு பாட்டில்கூடக் கிடைக்காத ஜார்ஜ் டி. ஸ்டாக்கும் ஒரே கலவைதான். இவற்றைப் பிரிப்பது வயது, பீப்பாய், அந்தப் பீப்பாய் கிடந்த இடம், பாட்டிலில் அடைக்கும்போது சேர்த்த தண்ணீரின் அளவு. கென்டக்கியின் பல அடுக்குக் கிடங்குகளில் மேல்தட்டு கோடையில் கொதிக்கும். சரக்கு மரத்துக்குள் ஆழமாகப் புகுந்து திரும்பும், நிறமும் துவர்ப்பும் விரைவில் ஏறும். கீழ்த்தட்டில் எல்லாம் நிதானமாக நடக்கும். ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்களை ஆறு ஆண்டு கழித்துத் திறந்தால் இரண்டு வேறு சரக்குகள் கிடைக்கும். ஒரே தோப்பில் பறித்த மாம்பழத்தையும் தரம் பிரித்துத்தான் கூடையில் அடுக்குகிறார்கள்.

பார்ட்டனையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து 1792 என்ற பெயரில் மதிப்புள்ள பர்பன்கள் வருகின்றன. வெரி ஓல்ட் பார்ட்டன் என்ற மலிவுச் சரக்கும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. கிர்க்லண்ட் பாட்டிலைக் கையில் பிடித்தவர்களில் எத்தனை பேர் "இது வெரி ஓல்ட் பார்ட்டன்தான்" என்று எழுதினார்கள்? பலரும் "இது 1792தான்" என்றே எழுதினார்கள். உறவு சொல்லும்போது வசதியான தாயாதியை மட்டும் சொல்லிக்கொள்வது திறனாய்வு ஆகாது. ஆல்கஹாலின் அளவைக் காட்டும் ப்ரூஃப் எண்களைப் பார்த்தாலே போதும். 1792 ஸ்மால் பேட்ச் 93.7 ப்ரூஃப், 2021இல் வந்த கிர்க்லண்ட் ஸ்மால் பேட்ச் 92. 1792 சிங்கிள் பேரல் 98.6, கிர்க்லண்டின் சிங்கிள் பேரல் 120. இவை ஒரே சரக்கின் இரண்டு லேபிள்கள் இல்லை என்று அந்த லேபிள்களே சொல்கின்றன. மேலும் 'ஸ்மால் பேட்ச்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச், சில நூறு பீப்பாயும் ஸ்மால் பேட்ச்.

பீப்பாய்களைத் தேர்ந்தெடுப்பவர் தன் வீட்டுப் பெயர் தாங்கிய பாட்டிலுக்கு எவற்றை எடுக்கிறார், கடைத்தொடரின் ஒப்பந்த விலைக்கு எவற்றை ஒதுக்குகிறார் என்பது வெளியே தெரியாது. மீந்ததுதான் கடைக்குப் போகிறது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்றில்லை. முதல் தரமே போகிறது என்று நம்பச் சொல்பவர்களிடமும் இல்லை. சான்றில்லாத இடத்தில் இருப்பது கண்ணாடிக் குவளை மட்டும். அதைத்தான் இவர்கள் ஓரமாகத் தள்ளிவைக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு கடைப்பெயர் பர்பன் குடித்தோம். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். "அண்ணே, உள்ள இருக்கிறது அந்தப் பெரிய டிஸ்டில்லரி சரக்குதான். லேபிள் மட்டும்தான் வேற" என்றார் நண்பர். லேபிளில் பாட்டிலில் அடைத்தவரின் பெயர் மட்டும் இருந்தது. வடித்தவர் யாரென்று ஒரு சொல் இல்லை. ஊற்றியதும் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் எழுந்தன. புதிதாகக் கருக்கிய ஓக் எந்தப் பர்பனுக்கும் கொடுக்கும் பொதுச்சொத்து அது. அடுத்து வறுத்த வேர்க்கடலை, அது நன்றாகவே இருந்தது. சிறிது நேரம் குவளையில் விட்டபின் பச்சை மக்காச்சோளத் தோகையின் வாடையும், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடியும் மேலே வந்தன. மிடறு நாக்கின் நுனியில் இனிப்பாக விழுந்தது. நடுநாக்கில் சொல்ல ஒன்றுமில்லை. தொண்டையில் காட்டம், உடனே வெறுமை. சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் காட்டம் அடங்கியது, மரத்தின் துவர்ப்பு மட்டும் தங்கியது. பக்குவப்படாத இளம் சரக்கின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. நண்பர் அதே பாட்டிலைப் பற்றித் தான் நம்பும் மதிப்புரையைப் படித்துக் காட்டினார்: செர்ரி, தோல், புகையிலை, நீண்ட முடிவு. அந்த வடிசாலையின் விலையுயர்ந்த பாட்டிலைப் பற்றி எல்லோரும் எழுதும் வர்ணனை அது. எங்கள் குவளையில் அதில் ஒன்றுகூட இல்லை.

அந்த எழுத்தாளர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே செர்ரி மணத்திருக்கும். 2008இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. ஒரே ஒயினைக் குறைந்த விலை சொல்லி ஒருமுறையும் கூடுதல் விலை சொல்லி ஒருமுறையும் கொடுத்தார்கள். கூடுதல் விலை கேட்டபோது அதிகம் பிடித்ததாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். மூளையில் இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக இயங்கியது. எதிர்பார்ப்பு நாக்குக்குள் இறங்கி வேலை செய்கிறது. விலை என்ற மயக்கத்திலிருந்து விடுபட்டோம் என்று பெருமைப்படும் கடைப்பெயர் ரசிகர்கள், அதே மயக்கத்தை வடிசாலை என்ற வேறொரு பெயரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய பணக்காரச் சுவைஞராவது தான் விலையை மதிப்பதை ஒப்புக்கொண்டார். இவர்கள் குலப்பெருமையை மதித்துக்கொண்டே, சமத்துவம் பேசுவதாக நினைக்கிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர் மறைத்துச் சுவைத்துத்தானே முடிவு சொல்கிறோம் என்று அவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். மறைத்துச் சுவைப்பது நல்ல முறை, அது பரவ வேண்டும். ஆனால் இவர்கள் செய்வதில் பெரும்பகுதி வேறு: கடைச் சரக்கையும், அதன் மூலம் என்று கருதப்படும் பெரிய சரக்கையும் இரண்டு குவளைகளில் வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரியவில்லை என்றால் வெற்றி. கடைச் சரக்கு தனக்காக ஒரு சுவை கொண்டிருக்கலாம் என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை. 100 ப்ரூஃபில் அடைத்த கிர்க்லண்ட் பாட்டில்ட்-இன்-பாண்டு, 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து நான்கு ஆண்டுக்குக் குறையாமல் கிடங்கில் வைத்த சரக்கு. அதற்கு அதன் குணத்தைப் பற்றிய நேர்மையான பத்து வரி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததெல்லாம் 1792இன் நிழல் என்ற பட்டம்.

பரிசுகளையும் இவர்கள் துணைக்கு அழைப்பார்கள். போட்டிக்குப் பாட்டிலை அனுப்புபவர் நுழைவுக் கட்டணம் கட்டியே அனுப்புகிறார் என்பதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன்.

கடைசியாக, காலம். கடைப்பெயர் சரக்கின் மூலம் ஒப்பந்தத்தில் தொங்குகிறது. ஒப்பந்தம் மாறினால் உள்ளே இருப்பதும் மாறும். லேபிளின் முகப்பு அப்படியே இருக்கலாம். கிர்க்லண்ட் பெயரில் 2021க்கு முன்பும் பர்பன் விற்றது, அதன் மூலம் வேறு. முதல் பாட்டிலின் குலத்தை நம்பி எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு ஐந்தாண்டு கழித்துக் கடைக்குப் போகிறவர் வேறு எதையோ வாங்கி வருவார். நாக்கில் பிடிபடாததைத் தன் குறை என்று எண்ணிக்கொள்வார்.

எனவே மலிவு பர்பனைப் பற்றி எழுதுபவர்களிடம் கேட்கிறேன். பாட்டிலில் அச்சிட்ட ப்ரூஃபையும், லேபிள் சொல்லும் வயதையும், நீங்கள் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். சுவைக்கும் முன்பே மூலம் உங்களுக்குத் தெரியுமா என்பதை முதல் வரியில் சொல்லுங்கள். திறந்த அன்று ஒரு குவளை, பாட்டில் பாதி காலியான பிறகு ஒரு குவளை குடித்துவிட்டு எழுதுங்கள். இவை இல்லாமல் வடிசாலையின் பெயரில் தொடங்கி அதே பெயரில் முடியும் எழுத்தை இனி மதிப்புரை என்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.