'கிளீன்' என்றால் சோதித்தாயிற்று என்று அர்த்தமா?

செம்மேட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. கொல்லிமலை ஊர்ப்பெயர்கள் பற்றி ஒரு பெரியவர் சொன்னதைத் தட்டிக்கொண்டிருந்தேன். பட்டென்று கரண்ட் போச்சு. என் பழைய லேப்டாப்பில் பேட்டரி கிடையாது. மறுபடி பூட் ஆனபோது திரையில் இரண்டு வரிகள்: 'ரெக்கவரிங் ஜர்னல்', பிறகு 'கிளீன்', கூடவே கோப்பு, பிளாக் எண்ணிக்கை.

முதல் வரி பயமுறுத்துகிறது, இரண்டாவது நிம்மதி தருகிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு.

ஜர்னல் என்பது கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் எழுதிவைக்கும் சிட்டை மாதிரி. ஜர்னல் உள்ள இஎக்ஸ்டி3 2001-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. பாதியில் நின்ற கணக்கைச் சிட்டை பார்த்து முடிப்பதுதான் 'ரெக்கவரிங்'. வழக்கமான வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

'கிளீன்' சமாச்சாரம் வேறு. சூப்பர்பிளாக்கில் பிழை எதுவும் குறிக்கப்படவில்லை, அதனால் முழுச் சோதனை தேவையில்லை என்று விட்டுவிட்டது, அவ்வளவுதான். பக்கத்திலுள்ள எண்கள் மொத்தத்தில் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பவை. சோதித்த கோப்புகளின் கணக்கு என்று நானே பல வருஷம் நினைத்திருந்தேன்!

முழுச் சோதனைகூட கட்டமைப்பைத்தான் பார்க்கும், கோப்புக்குள் என்ன எழுதினோம் என்பதை அல்ல. டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் நினைவகத்திலேயே இருந்த என் கடைசிப் பத்திகள் போயே போச்சு. திரையிலோ 'கிளீன்'.

'கையால் எப்எஸ்சிகே ஓட்டு' என்று நின்றுவிடும் செய்திதான் இவற்றில் நேர்மையானது. அது வந்தால் முதலில் டிஸ்க்கை நகலெடுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

'கிளீன்' பக்கத்தில் 'முழுச் சோதனை செய்யவில்லை' என்று மூன்று வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பெரியவரை மறுபடி பார்க்கப் போகணும்.