நீர்ப்பூவும் பகடும்

சோர்ந்து நிற்கும் மாணவனைத் தேற்ற முற்படும் தமிழாசிரியர், பெரும்பாலும் திருக்குறளின் 60ஆம் அதிகாரத்தையே நாடுவார். நீரின் அளவே பூந்தண்டின் நீளம், ஊக்கத்தின் அளவே மாந்தர்தம் உயர்வு என்னும் கருத்துடைய 595ஆம் குறள் கரும்பலகையில் ஏறும். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நானும் அதைத்தான் எழுதினேன். அது பொருந்தாத் தேர்வு என்பது இன்று என் துணிபு.

'ஊக்கமுடைமை' என்னும் தலைப்பையே நோக்குக. உடையாரைப் போற்றுவதிலும் இல்லாரை இகழ்வதிலுமே அவ்வதிகாரம் பெரிதும் செல்கிறது. இல்லாதவன் அதனைப் பெறும் வழியை அங்குக் காண்பது அரிது. உயர்வையே எண்ணுக என 596ஆம் குறள் பணிக்கிறது, உண்மைதான். எண்ணும் வலிவே ஒடுங்கியவன் என் செய்வான்? இறுதிக் குறளோ ஊக்கமற்றாரை மக்கள் வடிவில் நிற்கும் மரங்கள் என்கிறது. பரிமேலழகர் இவ்வதிகாரத்தை அரசியலில் வைத்தே உரை கண்டார். அரசனை நோக்கிய கடுஞ்சொல்லை 11 வயதுப் பிள்ளையின்முன் படித்துக் காட்டுவது முறையா? நான் ஒருமுறை படித்துக் காட்டினேன். வெற்றுத் தாளின்முன் அமர்ந்திருந்த அம்மாணவன் தலை நிமிரவில்லை. அன்று முழுதும் ஒரு வரியும் எழுதவில்லை.

அவனுக்குரிய குறள் மூன்று அதிகாரங்கள் தள்ளி, 'இடுக்கணழியாமை'யில், 624ஆம் எண்ணில் இருக்கிறது. தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்துச் செல்லும் பகட்டை, அதாவது எருதை, ஒத்தவனிடம் துன்பமே துன்பப்படும் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் உரை இங்கே சிறக்கிறது. அவ்வெருது விலாவைச் சாய்த்தும், மூக்கை நிலத்தில் ஊன்றியும், தவழ்ந்தும் வண்டியை அரிதின் செலுத்துவதை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார். இதில் வீறு எங்கே இருக்கிறது? மூக்கு மண்ணில் கிடக்கிறது! உள்ளக் கிளர்ச்சி வரட்டும் என்று அது காத்திருக்கவுமில்லை, இழுக்கிறது, அவ்வளவே.

நீர்ப்பூவை விலக்கிவிட வேண்டுமா எனின், வேண்டா. கட்டுரையின் முதற்பத்தியை முடித்தவனுக்கு அது இனிக்கும். முதல் வாக்கியத்திலேயே சிக்கிக் கிடப்பவனுக்கு எருதே துணை.

மாட்டு வண்டியை இன்றைய பிள்ளைகள் எங்கே கண்டார்கள் என நண்பர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆயினும், மழைக்காலத்துத் தோட்டப் பாதையில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி புதைந்து நிற்பதைத் தோட்டப்புறப் பிள்ளைகள் அறிவார்கள். சக்கரத்தின்கீழ்ப் பலகையிட்டு, ஒரு சாண், பிறகு இன்னொரு சாண் என அது நகர்வதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து பகட்டிற்கு அழைத்துச் செல்வது ஆசிரியர்க்குக் கடினமன்று.