தியோடோரா: ஒரு பெயரும் பல தீர்ப்புகளும்

பைசாந்திய அரசகுலத்தில் தியோடோரா என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ‘இறைவனின் கொடை’ என்பது அதன் கிரேக்கப் பொருள். இப்பெண்களைப் பற்றிய சாட்சியங்களை, சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்று வினவாமல் ஏற்றுக்கொள்வது வரலாற்று நூல்களில் இன்றும் தொடரும் குறையாகும்.

முதலில் ஜஸ்டினியனின் மனைவி (மறைவு 548). இவரைப் பற்றிய இழிசொற்கள் பெரும்பாலும் புரோக்கோப்பியஸின் ‘இரகசிய வரலாறு’ தந்தவை. 1623இல்தான் அச்சேறிய நூல் அது. அதே ஆசிரியர் ‘கட்டடங்கள்’ என்ற நூலில் அரசியை வானளாவப் புகழ்கிறார். ஒரே பேனாவின் இரு மைகள்! எனினும் வசைகளையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. அரசி அடைக்கலம் அளித்த துறவியரைப் போற்றி எழுதிய எபேசு நகர யோவானும், நன்றியுணர்வோடு இருந்தும், அவரது பழைய வாழ்வை மறைக்கவில்லை. பகைவனின் பழியைவிட நண்பனின் இந்த ஒப்புதலே எடை மிக்கது.

தியோபிலஸின் மனைவியான தியோடோரா 843இல் திருவுருவ வணக்கத்தை மீட்டார். திருச்சபை அவரைப் புனிதையாக்கியது. அவரது ஆட்சியில் வேட்டையாடப்பட்ட பவுலிசியர்கள் தப்பியோடி, மலத்யாவின் முஸ்லிம் அமீரிடம் தஞ்சம் புகுந்தனர். புனிதையின் புகழுரைகளில் இவர்களுக்கு இடமில்லை. 1055-56இல் தனித்தே அரசாண்ட மற்றொரு தியோடோராவின் மீதோ, பெண் என்பதே குற்றச்சாட்டாயிற்று.

நமக்கு மிக நெருங்கியவர் தியோடோரா காண்டகூஸினே. உள்நாட்டுப் போரில் படையுதவி நாடிய இவரது தந்தை ஆறாம் யோவான், 1346இல் இவரை உஸ்மானிய ஆட்சியாளர் ஓர்ஹானுக்கு மணமுடித்தார். செலிம்பிரியாவில் நடந்த சடங்கை அவரே தம் வரலாற்றில் விரித்துரைக்கிறார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய தூக்காஸ், அம்மணத்தை வெறுப்போடு சாடுகிறார்.

மகள் தன் மதத்தில் நிலைத்து நின்றதைத் தந்தை பெரும் துணிவாக வருணிக்கிறார். பல நூல்கள் அதனை அப்படியே வழிமொழிகின்றன. ஆனால் வேதம் வழங்கப்பட்டோரின் பெண்களை அவர்கள் மதத்திலேயே இருக்க மணந்துகொள்ள ஷரீஅத் அனுமதிக்கிறது. மதமாற்றம் அம்மணத்திற்கு நிபந்தனையன்று. இந்த எளிய சட்ட உண்மையைக் கருதாமல் அவ்வருணனையை எடைபோட முடியாது. படைக்காக மகளைக் கொடுத்த தந்தைக்கு, அவளை வீராங்கனையாக்கிக் காட்டவேண்டிய தேவையும் இருந்தது. சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை அவர் பொருள் கொடுத்து மீட்டார் என்ற செய்தியும் அதே தந்தையின் வாக்குமூலமே. ஆயினும் அது நம்பத்தக்கது. ஓர்ஹானின் இல்லத்தில் அவருக்கிருந்த உரிமையை அது தந்தை கருதியதைவிடத் தெளிவாகவே காட்டுகிறது.